எட்டு நிமிசப் பொம்மருக்கு நாப்பது நிமிசம்

ஓம் சேர், நாப்பதுதான். அதிலை என்ன ஒளிப்பு? பொம்மர் பிளேன் மேலை சுத்தினது எட்டு நிமிசம், நான் பிள்ளையளுக்குத் திருப்பிக் குடுத்தது நாப்பது. சோதினை மண்டபப் பொறுப்பாளர் நமசிவாயம், கணக்கு வாத்தியார், கழித்தல் தெரியாமல் குடுத்திட்டார் எண்டு எழுதுங்கோ.

பெட்டிசமே? உங்களிட்டையே இருக்கட்டும். கண்ணாடி கொண்டரேல்லை. கடைக்காரச் சீவரத்தினம் முதலாளி என்னிலை என்ன முறைப்பாடு எழுதியிருப்பார் எண்டு எனக்குத் தெரியும்தானே.

விசாரணைக்கெண்டு நெல்லியடியிலை இருந்து சைக்கிள் உழக்கி வந்தனான், ஒரு பிளேன்ரீயும் இல்லை. சரி, கேளுங்கோ. பொம்மர் வந்தால் தாளைக் கவிட்டு வைச்சிட்டுப் பங்கர்க் கிடங்குக்கை இறங்கிறது, போன நேரத்தைத் திருப்பிக் குடுக்கிறது. எல்லா மண்டபத்திலையும் உதுதான் வழக்கம். ஆனால் பங்கராலை ஏறினவுடனை ஆருக்குச் சேர் கை நடுங்காமல் எழுத வரும்? அந்த நடுக்கத்துக்கு உங்கடை புத்தகத்திலை எத்தினை நிமிசம் போட்டிருக்கு?

ஓம், தேவமலருக்காகத்தான். இல்லையெண்டு ஆர் சொன்னது? வாயாலை கேட்டால் அந்தப் பெட்டை சரித்திரப் பாடம் முழுக்க ஒப்புவிப்பாள். தாளிலை குடுத்தால் ஒரு வரி வாசிக்க நாலுதரம் மூச்சு வாங்குவாள். எழுத்துத் துள்ளுதாம். அரை மணித்தியாலம் கூடக் குடுங்கோ எண்டு பள்ளிக்கூட அதிபர் எழுதிக் கேட்டவர். மேலிடத்துப் பதில் என்ன? கண் தெரியாட்டில் தருவினமாம், கை முறிஞ்சால் தருவினமாம், உப்பிடி ஒரு வருத்தம் பட்டியலிலை இல்லையாம். மற்றப் பிள்ளையளுக்கு அநியாயமாம்.

எந்தப் பிள்ளைக்கு அநியாயம்? முப்பத்தெட்டுப் பேருக்கும்தானே குடுத்தனான். முதலாளியின்ரை மகன் அந்த நேரத்திலை என்ன செய்தவர் தெரியுமோ? மேசையிலை வீணி வடிய நித்திரை. இன்னொருத்தர் கேள்வித்தாளிலை பொம்மர் கீறினவர், ரெண்டு செட்டையும் வைச்சு. நல்ல வடிவு, பொய் சொல்லக் கூடாது. கடைசி மணி மட்டும் குனிஞ்ச தலை நிமிராமல் எழுதினது அவள் ஒருத்திதான்.

என்னை வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. அவளின்ரை தாளைத் தள்ளுறதெண்டால் முப்பத்தெட்டையும் தள்ளுங்கோ. மகன்ரை தாளும் போச்செண்டு முதலாளியின்ரை கடையிலை போய் நீங்களே சொல்லுங்கோ, நான் தூர நிண்டு பாக்கிறன்.

என்ன கேட்டியள்? பொம்மர் வராட்டில் குடுத்திருப்பனோ?

தெரியாது சேர். அதைத்தான் நானும் ரெண்டு மாசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். குடுத்திருக்க மாட்டன் போலை. குண்டு போட வந்தவன்தான் எனக்குத் துணிவும் போட்டிட்டுப் போனவன்.

எழுதி முடிஞ்சுதோ? தாங்கோ, கையெழுத்து வைக்கிறன். ஆனால் முதல் நீங்கள் சத்தமா வாசிக்க வேணும். பெட்டை என்னட்டைக் கெஞ்சிக் கேட்டவள் எண்டு ஒரு வரி உள்ளுக்கை போயிருந்தால் அவளின்ரை தாள் போச்சு. அவள் ஒண்டும் கேக்கேல்லை.

என்ரை சட்டைப் பையிலையோ? ஓம், கண்ணாடிதான். கண்ணிலை ஒரு பிழையுமில்லை சேர். உங்கடை கந்தோர் அனுப்புற சுற்றுநிருபக் கடிதம் எல்லாம் முப்பது வருசமா மனிசி கமலாவதிதான் வாசிச்சுச் சொல்லுறவ. இலக்கம் எண்டால் அசையாமல் நிக்கும், அதாலைதான் கணக்கு வாத்தியாரா வந்தனான். எழுத்து எனக்கும் துள்ளும்.

ஆறுதலா வாசியுங்கோ சேர். நேரம் கிடக்கு.