ஆபரேட்டர் கண்ணு

எனக்குக் கண் நன்றாகத் தெரியும், ஐயா. நீங்கள் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸின் விளிம்பில் ஓர் எறும்பு ஏறுகிறது. இங்கே உட்கார்ந்தபடியே பார்க்கிறேன். இதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன், வேறு தகராறு ஒன்றும் இல்லை.

மொக்கையன் என்று என் பேரைச் சொன்னால் தெப்பக்குளம் பக்கம் யாருக்கும் தெரியாது. ஆபரேட்டர் என்று கேட்க வேண்டும். முதலில் வாடிப்பட்டி டூரிங் கொட்டகையில், பிறகு மதுரையில் ஒரு தியேட்டரில், தலை நரைக்கும்வரை படம் ஓட்டினேன். மிஷினுக்குள் கார்பன் குச்சி தேய்ந்தால் திரையில் வெளிச்சம் மங்கும். ஜனங்களுக்கு அது தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். என் ஷோவில் ஒருத்தன் விசிலடித்துக் கத்தியதில்லை.

வேலையை விட்டு வந்ததும், மாற்றலாகிப் போன ஒரு பேங்க் ஆபீசரிடம் செகண்ட் ஹாண்டில் ஒரு டிவி வாங்கினேன். கறுப்பு வெள்ளைதான், ஆனால் மரக் கதவு வைத்த பெட்டி. எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குத் தெருவே எங்கள் வீட்டில் இருக்கும். பிள்ளைகள் முன்னால், பொம்பளைகள் சுவரோரம், ஆம்பளைகள் கதவுப் பக்கம். படம் ஓடும்போது பேச்சு கிடையாது. நான்தான் கதவைத் திறப்பேன், நான்தான் சாத்துவேன். காசு வாங்கினேனா என்று கேட்டால், ஒரு பைசா வாங்கவில்லை. வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

எதிர்வீட்டு மலையாண்டிக்கு வாழைக்காய் மண்டி. நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவனும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவன்தான். கொடைக்கானலில் டிவி டவர் வந்த வருஷம், துபாயிலிருந்து வந்த அவன் மச்சினன் ஒரு கலர் டிவியைக் கொண்டுவந்து இறக்கினான்.

அன்றைக்கே மலையாண்டி ஓடி வந்தான். "அண்ணே, நம்ம வீட்டுக்குக் கலரு வந்திருக்கு. நீங்கதேன் மொதல்ல வந்து போட்டு விடணும்."

போனேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் தக்காளிச் சட்னி மாதிரி இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை, கலர் வந்தால் போதும் என்று பூரித்து நிற்கிறான். நான் குமிழைத் திருகிச் சரிசெய்து கொடுத்தேன். "ஆபரேட்டர் கண்ணு கண்ணுதேன்ணே" என்றான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். முதலில் பிள்ளைகள் வராமல் நின்றார்கள், அப்புறம் பொம்பளைகள். கடைசியில் நானும் என் சம்சாரம் சீனியம்மாளும் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிப் படத்தில் அவள் எழுந்தாள். "சின்னத்தாயி மோரு கேட்டா, குடுத்துட்டு வாரேன்" என்று போனவள், படம் முடிந்துதான் வந்தாள். சின்னத்தாய் மலையாண்டியின் பெண்டாட்டி.

"மோர் கொடுக்க இம்புட்டு நேரமா?" என்றேன்.

"அங்க பச்சைச் சேலை பச்சையாத் தெரியுதுய்யா. இங்க எல்லாம் சாம்பலு. ஆனைக்கொரு காலம் வந்தா பூனைக்கொரு காலம் வரும், விடுங்க."

நான் கோபப்படவில்லை. டிவிக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். படம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை, செருப்பெல்லாம் எதிர்வீட்டில் கிடந்தது. அதில் சீனியம்மாள் விட்டுவிட்டு வந்த ஜோடியும் இருந்தது. வெறுங்காலோடு வந்திருக்கிறாள், அந்த அளவுக்குக் கலர். இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். ரசனை இல்லாதவன் கையில் நல்ல பொருள் சிக்கினால், தொழில் தெரிந்தவனுக்கு ஒரு சங்கடம் வரும். அவ்வளவுதான்.

ஐப்பசியில் மேலண்டை வீட்டுக்காரர் மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினார். அது மறைத்ததில் மலையாண்டி வீட்டுப் படம் புள்ளியடித்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நேரம், வந்து நின்றான். "சாயங்காலம் படம் இருக்குண்ணே. ஆண்டெனாவ எடம் மாத்தணும். படத்தப் பாத்துச் சொல்ல உங்கள விட்டா ஆரு இருக்கா?"

முதலில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எந்த வேலைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். தெருப்பக்கம் கைப்பிடிச் சுவருக்கு எட்டுகிற தூரத்தில் கரண்டுக் கம்பி போகிறது. தரையில் மழைத் தண்ணீர் நிற்கிறது. மலையாண்டி வெறுங்கால். ஆண்டெனா நிற்பது ஒரு முழு இரும்புக் குழாயில். "தெருப்பக்கம் வெட்டவெளியா இருக்கு மலையாண்டி. கொழாயக் கழட்டி அங்கிட்டு நகட்டிக்கிட்டே போ, நான் சொல்றேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பக்கம்தான் படம் கிடைக்கும்.

அப்புறம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவன் மாடியில், நான் டிவி முன்னால், நடுவில் முற்றத்தில் சின்னத்தாய். அவன் கேட்பதை அவள் எனக்குச் சொல்வாள், நான் சொல்வதை அவனுக்குச் சொல்வாள்.

"தெரியுதாண்ணே?"

"இல்லம்மா. இன்னுங் கொஞ்சம்."

"இன்னுங் கொஞ்சமாம்!"

இப்படியே போனது. குழாய் தரையில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அது நின்றது. சின்னத்தாய் வாசல்படிக்கு வந்தாள். "இதுக்கு மேல செவுருதேன் இருக்காம், கம்பி வேற இருக்காம். போதுமான்னு கேக்குறாக."

நான் டிவியைப் பார்த்தேன். நிதானமாகத்தான் பார்த்தேன். "இன்னும் ஒரு சாண்" என்றேன்.

அவள் போய்ச் சொன்னாள்.

டிவிக்குள் ஏதோ வெடித்துப் புகை வந்தது. தெரு முழுக்கக் கரண்டு போனது. மாடியில் குழாய் விழுந்தது. நல்ல செட் ஐயா, அந்த மாதிரி பிக்சர் ட்யூப் இங்கே கிடைக்காது. அது மட்டும் எனக்கு இன்றுவரை வருத்தம்.

சாயங்காலம் மலையாண்டியை எடுக்கிறபோது கூட்டம் தாங்கவில்லை. எதிர்வீட்டு வாசல் கொள்ளாமல் எங்கள் வாசல்வரைக்கும் செருப்பு கிடந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! நான் அதையெல்லாம் ஜோடி சேர்த்து ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

சின்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் வாயாலதேன் சொன்னேன், என் வாயாலயே அவுகள அனுப்பி வச்சேன்" என்று ஒரே புலம்பல். அவன் வீட்டு ஆட்களும் அவளைத்தான் முறைத்தார்கள், மூன்றாம் நாள் அவளைப் பிறந்த ஊர் கொட்டாம்பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு நடந்தது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "விதிம்மா, நீ என்ன செய்வ" என்று ஆறுதல் சொன்னேன். அவள் அப்படி நினைத்துக்கொண்டு இருந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஆனால் நேற்று விசாரணைக்கு நீங்கள் வந்தபோது அந்தப் பெண் உங்களிடம் என்ன சொன்னாள்? "ஆபரேட்டரண்ணன ஒண்ணும் சொல்லாதீக சார். வயசாயிருச்சு, கண்ணு மங்கிப்போச்சு பாவம். படம் வந்தது அவருக்குத் தெரியல." என்னைக் காப்பாற்றுகிறாளாம். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு, பார்வைக் குறைவு என்று எழுதிக்கொண்டீர்கள். இன்றைக்குக் காலையில் சீனியம்மாள் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாள். டீக்கடையில் ஒருத்தன் கையைப் பிடித்துத் திண்டில் உட்காரவைக்கிறான். படம் ஓட்டிய காலம் முழுக்க ஒரு விசில் வாங்காத மனுஷனுக்கு இது பொறுக்குமா, சொல்லுங்கள்.

குழாய் சுவரை எட்டுவதற்கு முன்பே படம் வந்துவிட்டது, ஐயா. புள்ளி இல்லை, நிழல் இல்லை. விவசாய நிகழ்ச்சியில் ஓர் ஆள் வாழைக்கன்று நடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நீலச் சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் அறுந்து, அந்த இடத்தில் வெள்ளைப் பொத்தான் தைத்திருந்தார்கள், அதுவும் கறுப்பு நூலில். அதைப் பார்த்துக்கொண்டேதான் இன்னும் ஒரு சாண் என்றேன். குழாய் சுவரோடு நின்றால் கம்பிக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும் என்று மாடியிலேயே பார்த்து வைத்திருந்தேன்.

மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பார்வைக் குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.