பாவாத்தாள் கூடையில் வந்த மண்

மழை எட்டிப் பாத்துட்டு ஓடிப்போற காட்டுல மாடு எதைத் தின்னு பால் கறக்கும், சொல்லுங்க பாக்கலாம்?

வெகுகாலத்துக்கு முந்தி எங்க கல்லாங்காட்டு வலசுக்கு வாக்கப்பட்டு வந்தாளாம் பாவாத்தாள். எங்க பாட்டிக்கெல்லாம் பாட்டி. மேய்ச்சக் காட்டுல கொழுக்கட்டைப் புல்லைத் தவிர வேற ஒண்ணுமில்லையாம். வெறும் புல்லைத் தின்னு தின்னு மாடெல்லாம் எலும்பும் தோலுமா நின்னுச்சாம். அவ சீதனமா ஓட்டியாந்த மயிலைக் கிடாரியும் அப்படித்தான். அதுவும் சினை வேற.

அவ பொறந்த ஊருல புல்லோட புல்லா, மாடு ஆசையாத் திங்கற நரிப்பயறு படர்ந்து கிடக்கும். அங்கிருந்து விதை கொண்டாந்து சித்திரை மழைக்குத் தூவினாளாம். மொளைச்சுது. சாண் ஏறல, மஞ்சளாப் போச்சு.

"ஏம்மிணி, பயறு விதைச்சியா, மஞ்சள் விதைச்சியா?"ன்னு சிரிச்சாளாம் மாமியார் சென்னியம்மா.

புருசன் நல்லண்ணன் சிரிக்கல. "வர்ற தைச் சந்தைக்குக் கிடாரியை ஓட்டிடறேன். தீனியுள்ள ஊட்டுல போய்ப் பொழைக்கட்டும்"னானாம்.

பாவாத்தாள் காட்டுக்கு ஓடினாளாம். ஓடிப்போய் ஒரு செடியைப் புடுங்கிப் பாத்தா, வேரு வெறும் நூலாட்டம் இருந்துச்சாம். பொறந்த ஊருல புடுங்கினா ராகியைக் கோத்தாப்புல முடிச்சு முடிச்சா இருக்குமே! விதை அதே விதை. அப்ப மண்ணுலதான் என்னமோ இல்ல.

ஆடிக்குப் பொறந்த ஊடு போனவ, நரிப்பயறு படர்ந்த காட்டு மண்ணை ஒரு கூடை அள்ளித் தலையில வெச்சு நடந்தே வந்தாளாம்.

"எங்கூர்ல மண்ணுக்கா பஞ்சம்?"னு மாமியார் கேக்க,

"மண்ணுக்கில்லீங்கத்தை, அதுக்குள்ள இருக்கற உசுருக்கு"ன்னாளாம்.

ஆறின கஞ்சியில அந்த மண்ணைக் குழைச்சு, விதை மேல பூசி, நிழல்ல காயவெச்சு, ஐப்பசி மழைக்கு விதைச்சாளாம். இப்ப நாம வேர்முடிச்சுக்குள்ள வாழற ரைசோபியம்ங்கற நுண்ணுயிரைப் பாக்கெட்டுல வாங்கிக் கஞ்சியில கலக்கறோமே, அதேதானுங்க!

படர்ந்துச்சு பாருங்க, அப்படிப் படர்ந்துச்சு! வேரெல்லாம் முடிச்சு, கொடியெல்லாம் பச்சை. தை பொறக்கறப்ப கிடாரி கன்னு போட்டு, கன்னு குடிச்சது போக செம்பு நெறையப் பால் குடுத்துச்சாம். நல்லண்ணன் சந்தைப் பேச்சையே எடுக்கல. மறுமழைக்குப் பயறோட சேந்து நின்ன புல்லும் கருகருன்னு ஏறுச்சாம்.

அந்தக் காட்டுக்கு இன்னைக்கும் பாவாத்தா காடுன்னுதான் பேரு. எங்க வலசுப் பொண்ணு எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனாலும், பாத்திரம் பண்டத்துக்கு முந்தி அந்தக் காட்டு மண்ணுதான் வண்டி ஏறும். அதை ஆரம்பிச்சு வெச்சது யாருங்கறீங்க? சென்னியம்மாளேதான்! தன்ற மகளைக் கட்டிக்குடுத்த அன்னைக்கு, அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்னால ஒரு கூடையை மருமக கையில குடுத்தாளாம்.

"அம்மிணி, என்ற புள்ளை போற ஊரும் வறக்காடுதான். உன்ற கையால மண்ணு அள்ளிக் குடு சாமி."