நாலு டயரிலயும் நாலு காத்து

— அப்ப நான் பொய் சொல்றன் எண்டா சொல்றீங்க, அஸ்பாக் தம்பி? முந்தநாள் சனிக்கிழமை உங்கட இந்த டயர்க் கடையிலதான் காருக்குக் காத்தடிச்சன். நாலு டயருக்கும் முப்பத்தி மூண்டு. இண்டைக்குப் பாருங்க, சப்பளிஞ்சு கிடக்கு.

— பொய்யெண்டு ஆர் சேர் சொன்ன? முப்பத்தி மூண்டு அடிச்சதே நான்தானே. நாலு சில்லையும் கழட்டித் தண்ணித் தொட்டிக்குள்ள அமத்தியும் பார்த்தாச்சு. ஒரு குமிழி வரல்ல. பஞ்சர் இல்ல. வால்வும் நல்லாத்தான் இரிக்கு.

— பஞ்சர் இல்லாமக் காத்து எங்க போகும்? கார் வாங்கி மூண்டு கிழமைதான் தம்பி. ஒவ்வொரு திங்கக்கிழமையும் விடிஞ்சா இந்தக் கதைதான். கணக்கெண்டாக் கணக்கு. போன காத்து எங்கயோ போயிருக்க வேணும்.

— அதுதான் எனக்கும் விளங்கல்ல. பொறுங்க, பொறுங்க. ஒண்டொண்டா அளப்பம். முன் வலது, இருபத்தியேழு. முன் இடது, இருபத்தி நாலு. பின் இடது, இருபத்தி ரெண்டு. பின் வலது, இந்தாங்க, கேஜை நீங்களே பாருங்க யோசேப் சேர்.

— இருபத்தி ஒம்பது.

— பத்தொம்பது சேர்.

— ஓ. கண்ணாடியை வீட்டில விட்டுட்டன். வெயிலும் கண்ணுக்குள்ள குத்துது.

— கண்ணாடி உங்கட சேட்டுப் பொக்கற்றிலதான் கிடக்கு.

— நீ காருக்குள்ள சும்மா இரு இமெல்டா. முப்பது வருசம் நில அளவைக் கந்தோரில அளந்து திரிஞ்சவன் நான். எனக்கு இலக்கம் வாசிக்கப் பழக்க வேணாம்.

— நான் என்ன சொன்னன்? ஜன்னல் திறந்து கிடக்கு. காதில விழுகுது.

— அது விசயமில்ல சேர். இந்த இலக்கங்களைப் பாருங்க. இருபத்தியேழு, இருபத்தி நாலு, இருபத்தி ரெண்டு, பத்தொம்பது. காரைச் சுத்தி வரவரக் குறைஞ்சுகொண்டு போகுது. தானாப் போற காத்து இப்பிடி ஒழுங்கா வரிசை பிடிச்சுப் போகாது.

— அப்ப?

— ஆரோ காத்தை இறக்கி இரிக்காங்க. மறுகா கைப் பம்பால அடிச்சிரிக்காங்க. முதல் டயருக்கு மூச்சுப் பிடிச்சு அடிச்ச ஆள், நாலாவதுக்கு வரக்குள்ள கை சோர்ந்து போனார்.

— விசர்க் கதை. சும்மா நிக்கிற காருக்கு ஏன் காத்தை இறக்க வேணும்?

— மணலில ஓடத்தான். கடற்கரையில மீனேத்த வாற லொறிக்காரரக் கேட்டுப் பாருங்க. காத்து நிறைய இரிந்தா டயர் மணலுக்குள்ள புதையும். பதினெட்டுக்கு இறக்கினா டயர் அகண்டு மேலால போகும். இஞ்ச பாருங்க, கால் வைக்கிற இடத்திலயும் மணல்.

— அப்ப இதையும் கேளுங்க. திங்கக்கிழமை ஏறி இருந்தா ஸ்டியரிங் நெஞ்சில முட்டும். ஸீற்று அவ்வளவுக்கு முன்னுக்குப் போய்க் கிடக்கும். பின்னால பார்க்கிற கண்ணாடியில பின் ஸீற்றுத்தான் தெரியும். ஒவ்வொரு கிழமையும் நான்தான் பின்னுக்குத் தள்ளுறன்.

— அப்பிடியெண்டா ஓடின ஆள் கட்டை.

— பிறின்ஸ் கட்டை இல்லையே. என்னை விட ஒரு சாண் உசரம்.

— பிறின்ஸ் ஆர் சேர்?

— இவட தம்பி, என்ட மச்சான். பெரியகல்லாத்தில மீன் வேன் ஓடுறான். ஞாயிறு பூசை முடிய எனக்குக் கோயில் கூட்டம் இருக்கும். அவன் டவுனுக்கு வந்து, இந்தக் காரில இவவை ஊருக்குக் கூட்டிப் போய்ப் பின்னேரம் கொண்டு வந்து விடுவான். இமெல்டா, உண்மையைச் சொல்லு. அவன் என்ட காரைக் கடற்கரையில ஓடுறானா?

— பிறின்ஸ் ஓடல்ல.

— கேட்டீங்களா தம்பி? அப்ப காரிலதான் ஏதோ பழுது. நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க, இந்தக் காரில நாளைக்கு மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போக ஏலாது எண்டு. நாங்க பஸ்ஸில போறம்.

— பஸ்ஸில எப்பிடிப் போறது? பிள்ளைக்குத் தொட்டில் கிடக்கு, நாலு பெட்டி கிடக்கு. புதன்கிழமை சுகந்தினிக்கு ஒப்பரேசன். போன மாசமும் போறம் போறமெண்டு கடைசியில வேணாமெண்டீங்க. தலைப்பிள்ளை பெறக்குள்ள நான் என்ட மகளுக்குப் பக்கத்தில நிக்க வேணும்.

— நான் நிக்க வேணாமெண்டு சொன்னனா? கார் சரியில்ல எண்டுதானே சொல்றன்.

— பழுதில்லாத காரைப் பழுதெண்டு சொல்ல எனக்கு வாய் வராது சேர். காத்துக் கணக்கைச் சரியாப் போட்டுத் தாறன், விடிய வெளிக்கிடுங்க. எத்தனை பேர் போறீங்க?

— ரெண்டு பேர்.

— மூண்டு பேர்.

— மூண்டாவது ஆர் இமெல்டா?

— பிறின்ஸும் வாறான்.

— மூண்டு பேரும் சாமான்களுமெண்டா முப்பத்தி மூண்டு காணாது, பாரத்துக்கு இன்னும் அடிக்க வேணும். ஓடுற பக்கக் கதவைத் திறந்து, அதில ஒட்டியிரிக்கிற தாளை வாசிங்க சேர்.

— முப்பத்தி மூண்டு. எனக்கு மனப்பாடம். கார் வித்தவர் சொன்னது. டயரில நாப்பத்தி நாலெண்டு போட்டிருக்காமே, அது என்ன?

— அது அந்த டயர் தாங்கிற உச்சம். அவ்வளவு அடிச்சாக் கார் பந்து மாதிரித் துள்ளும். எங்கட ஆக்களும் எந்தக் கார் வந்தாலும் முப்பதெண்டு அடிச்சு விடுவாங்க, அதுவும் பிழை. காரைச் செய்தவன் கதவில என்ன எழுதினானோ அதுதான் கணக்கு. அதில ரெண்டு வரி இரிக்கு. மேல் வரி சும்மா ஓட. கீழ் வரி பாரத்தோட ஓட. கீழ் வரியில பின் டயருக்கு என்ன போட்டிரிக்கு?

— கீழ் வரியா?

— ஓம். உங்கட விரலுக்குக் கீழதான் சேர்.

— இதில ஒரு வரிதானே தம்பி கிடக்கு.

— முன்னுக்கு முப்பத்தி மூண்டு. பின்னுக்கு முப்பத்தி எட்டு.

— நீ அந்தப் பக்கம் இருந்துகொண்டு எப்பிடி வாசிச்ச இமெல்டா?

— வாசிக்கல்ல. எனக்கும் மனப்பாடம். மூண்டு ஞாயிறாப் பார்க்கிறன். பிறின்ஸ் காத்தை இறக்குவான், நான் மணலில ஓடுவன். முடிய அவன் சைக்கிள் பம்பால அடிப்பான். நாலாவது டயர் வரக்குள்ள, போதும் அக்கா, கை விட்டுப் போச்சு எண்டு இருந்திருவான்.

— நீ கார் ஓடுவியா?

— நாலு மாசமா அவன்ட வேனில பழகினன். போன வியாழன் ட்ரயல் பாஸ். லைசன்ஸ் கைப்பைக்குள்ள கிடக்கு.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்லையே.

— நீங்க எனக்குச் சொன்னீங்களா? நாலு மாசத்துக்கு முன்னம், கல்லடிப் பாலம் தாண்டி மோட்டச் சைக்கிளில வரக்குள்ள, முன்னுக்கு நிண்ட பஸ்ஸை நீங்க காணவே இல்ல. நான் கத்தின பிறகுதான் பிறேக் பிடிச்சீங்க. அடுத்த நாளே நான் பிறின்ஸுக்கிட்டப் போனன். போன கிழமை கண் டொக்டர் தந்த துண்டை வேதப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க. அந்தப் புத்தகத்தை வீட்டில ஒவ்வொரு நாளும் திறக்கிறது ஆர்?

— என்னவாம் எழுதியிருக்கு?

— வாகனம் ஓட வேணாமெண்டு. உங்களுக்குத் தெரியும். காத்துப் போகுதெண்டு இஞ்ச வந்ததும், கார் பழுதெண்டு இந்தத் தம்பிட வாயால ஒரு சொல்லுக் கேக்கத்தானே? எனக்குக் கோபமில்ல. உங்களுக்குப் பின்னால இருந்து வந்த ஒவ்வொரு நாளும் பயந்துதான் வந்தன்.

— சொல்லத்தான் இருந்தன் இமெல்டா. வெக்கமாக் கிடந்தது. ஊர் முழுக்க அளந்து குடுத்தவன், ஒரு இலக்கம் தெரியல்ல எண்டு எந்த வாயால சொல்றது?

— சேர், அக்கா, ரெண்டு தேத்தண்ணி சொல்லட்டா?

— வேணாம் தம்பி. மணலில நேரா ஓடினியா இமெல்டா?

— முதல் ஞாயிறு புதைஞ்சு போச்சு. மீன்காரர் தள்ளி விட்டாங்க. பிறகு புதையல்ல.

— அஸ்பாக் தம்பி, பின்னுக்கு முப்பத்தி எட்டு அடிங்க. மறுகா, அந்த ஸீற்றைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து விடுங்க. இவவுக்குக் கால் எட்டாது.