எங்கள் வீட்டுத் தண்ணீர்

வெயில் ஏறிவிட்டால் பினாங்கில் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் வரும். சற்று நேரம் திறந்துவிட்டால் சரியாகிவிடும். அதற்குக்கூடப் பொறுமையில்லாமல் சிலர் குறை சொல்வார்கள். நான் சொன்னதில்லை. இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தே வளர்ந்து கிழடான உடம்பு இது. நீங்கள் எடுத்து வைத்த போத்தலுக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். எனக்குத் தாகமில்லை.

என் பெயர் அப்துல் ரசாக். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். டத்தோ கெராமட் சாலைக்குப் பின்னால் உள்ள வரிசை வீட்டில் நானும் என் மனைவி சித்தி ஹாஜராவும் மட்டும் இருந்தோம். மகன் இக்மலுக்கு ஜோகூரில் வேலை. யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தவன் நான். பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டது கிடையாது. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள், இன்னொரு நாள் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவார்கள். எதற்கு அந்த வம்பு?

ஹாஜராவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய் இரண்டே சொற்கள்தான் மிஞ்சின. ஒன்று 'மச்சா'. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள், அதில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். இன்னொன்று 'தண்ணி'. பசித்தாலும் தண்ணி, முதுகு வலித்தாலும் தண்ணி, ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் தண்ணிதான். எது வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்து நான் கண்டுகொள்வேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கரண்டியால் தண்ணீர் புகட்டுவது எல்லாம் நானே செய்தேன். ஆள் வைக்கலாம் என்று இக்மல் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். நான் அவளைப் பார்த்துக்கொண்டதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

திருட்டைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் லோரோங்கில், இந்த ஒரு சந்திலிருந்து மட்டும், நீங்கள் வாங்கிய புகார்களே ஒரு கட்டு இருக்கும். முதலில் சாக்கடை மேல் போட்டிருந்த இரும்பு மூடிகள் போயின. பிறகு தோட்டத்துக் குழாய்கள், அலுமினிய ஏணி, எதிர்வீட்டு கேட்டின் ஒரு பக்கக் கதவு. பக்கத்து வீட்டு ருக்குமணி கார்த்திகைக்குத் துலக்கி வாசலில் காயவைத்த குத்துவிளக்கு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. மனிதர்களை மட்டும்தான் விட்டுவைத்தார்கள், பழைய இரும்புக் கடையில் எங்களுக்கு விலை கிடையாது என்பதால்.

கடைசியில் தண்ணீர் மீட்டரில் கைவைத்தார்கள். மீட்டரின் உடம்பு பித்தளை. கழற்றுகிறவன் முட்டாள் இல்லை. பக்கத்திலிருக்கும் வால்வை முதலில் அடைத்துவிட்டுத்தான் ஸ்பானரைப் போடுவான். தண்ணீர் பீறிட்டுச் சத்தம் வந்தால்தானே ஆள் எழுந்து வருவான்? வீட்டுக்காரன் குழாயைத் திறக்கும்போதுதான் விஷயமே தெரியும். ஆகவே எங்கள் வரிசையில் எல்லாரும் சேர்ந்து மீட்டருக்கு இரும்புக் கூண்டு போட்டார்கள். ருக்குமணி என்னிடமும் வந்து கேட்டாள்.

"அண்ணே, வெல்டிங் ஆளு வந்திருக்கான். உங்க மீட்டருக்கும் சேத்துப் போடச் சொல்லிறவா?"

"நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வீட்டு மீட்டருக்கு ஊர் கூடிக் கூண்டு போட வேண்டிய அவசியமில்லை. அப்புறம் நான் போடவில்லை என்பது உண்மைதான். அது வேறு பேச்சு.

அன்று காலை ஹாஜராவுக்குக் காய்ச்சல். முந்தின நாளே லேசாக இருந்தது, விடிந்ததும் நெருப்பாகக் கொதித்தது. 'தண்ணி' என்றாள். அந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை, தண்ணீரைத்தான் கேட்டாள். நான் தினமும் காலையில் புதிதாகக் காய்ச்சி வைப்பவன். இரவு மிஞ்சியதைக் கொட்டிவிடுவேன், பழைய தண்ணீரை வைத்திருக்கும் பழக்கம் எனக்கில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். மீட்டர் இருந்த இடத்தில் இரண்டு குழாய் முனைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் இலாகாவுக்குப் போன் செய்தேன். ஆள் வரும், நேரமாகும் என்றார்கள். எனக்கு அப்போது வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருத்தியின் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான் ஒருவன். அவன் எங்கேயோ உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருப்பான். அதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இந்தா வந்துர்றேன், ஹாஜரா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

ஜெலுத்தோங் பக்கம் உள்ள பழைய இரும்புக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் நாய் துரத்தியது, இன்னொன்றில் போலீஸ் ஆளா என்று கேட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு கடைக்கு எதிரே, ஒட்டுக்கடை நிழலில் ஒருவன் உட்கார்ந்து, நான் நினைத்ததைப் போலவே தே தாரேக்தான் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற அவன் மோட்டார் சைக்கிள் கூடையில் ஒரு சாக்கு. அதன் வாய் அவிழ்ந்து, உள்ளே பித்தளை மீட்டர் தெரிந்தது.

அவன் பெயர் பிச்சைமுத்து என்பது பிறகுதான் தெரியும். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும். அவனை அங்கேயே பிடித்திருக்கலாம் என்கிறீர்கள். பிடித்து என்ன செய்வது? உங்களிடம் கொடுத்தால் நீங்கள் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவீர்கள். ஹாஜராவின் கட்டிலுக்கு முன்னால் அவனை நிறுத்தி, யாருடைய தண்ணீரை எடுத்தாய் என்று பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறொன்றும் அப்போது மனதில் இல்லை.

"தம்பி, வீட்டுல பழைய ஏர்கோன் ஒண்ணு கெடக்கு. காப்பர் கேபிளும் இருக்கு. எடுத்துக்கிறியா?"

"எவ்ளோ கேப்பீங்கண்ணே?"

"சும்மா எடுத்துக்க. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

"உங்களுக்கு நல்ல மனசுலா" என்று சொல்லி, மீதித் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என் பின்னாலேயே வந்தான். வழியில் சிக்னலில் நின்றபோது என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பின்சந்து வழியாக அவனைக் கொண்டுவந்து கொல்லையில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஹாஜரா இறந்திருந்தாள். இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. உதடு வெடித்து, நாக்கு வெளுத்துக் காய்ந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

பைப் ஸ்பானர் அடுப்படியில் கிடந்தது. காலையில் குழாயைப் பார்க்க எடுத்ததை நான் திரும்ப வைக்கவில்லை. கொல்லையில் அவன் துணி துவைக்கும் மெஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இதுவும் போடுறதுதானா?"

காதுக்குப் பின்னால் அடித்தேன். மெஷின் மேலேயே சரிந்தான். கீழே விழுந்ததும் முழங்கால்கள் இரண்டையும் அடித்தேன், எழுந்து ஓடக் கூடாது என்பதற்காக. முழங்கால் சிப்பி உடைவதற்கு நாம் நினைக்கிற அளவு சத்தம் கிடையாது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போலத்தான் இருந்தது. அவன் வலது கையில் ஒரு ஸ்குரூடிரைவர் இருந்ததால் அந்த விரல்களையும் அடிக்க வேண்டியதாயிற்று. கொல்லையில் நாங்கள் பயன்படுத்தாத பழைய குளியலறை இருக்கிறது. ஜன்னல் இல்லை. துணிக்கொடிக் கயிற்றால் கட்டி, வாயில் துணியை அடைத்து, அதில் போட்டுப் பூட்டினேன். ரத்தத்தைத் துடைத்தேன், கழுவத் தண்ணீர் இல்லாததால் சரியாகப் போகவில்லை. அவனுடைய மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன். அதன் பிறகு இக்மலுக்குப் போன் செய்தேன்.

ஜமாத்தார் வந்தார்கள். மய்யித்தைக் குளிப்பாட்ட எங்கிருந்தோ பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது அவர்கள் ஏற்பாடு, நான் தலையிடவில்லை. வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் என் கையைப் பிடித்து, நீங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அழுகை வந்தது, அழுதேன். கொல்லைப் பக்கம் யாரும் போகவில்லை. அடக்கம் முடிந்து வந்தபோது இலாகா ஆட்கள் புது மீட்டர் மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பழைய குளியலறையில் ஒரு குழாய் இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன், சொட்டுச் சொட்டாக விழும்படி. அவன் வாய்க்கு எட்டாத தூரத்தில் இழுத்துக் கட்டினேன். நான் அவனை அடித்தது முதல் நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு அவனை ஒன்றும் செய்யவில்லை. உண்மையாகவே ஒன்றும் செய்யவில்லை.

இக்மல் துக்கத்துக்காகத் தங்கியிருந்தான். சாப்பிடும்போது காதைக் கொடுத்துக் கேட்டான்.

"அத்தா, பின்னால பைப்பு சொட்டுது. மூடிட்டு வரவா?"

"வாஷர் போயிருச்சு. நான் பாத்துக்கிறேன், நீ சாப்பிடு" என்றேன். அவன் ஜோகூருக்குக் கிளம்பிப் போகும்வரை அவன் மேல் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது.

மகன் போன பிறகு பிச்சைமுத்துவின் வாயிலிருந்த துணியை எடுத்தேன். குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, அது உங்க மீட்டர் இல்லலா. ஆயர் ஈத்தாம்ல எடுத்தது. எம்புள்ள மேல சத்தியம்ணே. ஒரு வாய் தண்ணி குடுங்க."

"என் பொஞ்சாதியும் ஒரு வாய்தான் கேட்டா" என்றேன்.

அவனுடைய மனைவி ஒருநாள் எங்கள் லோரோங்குக்கு வந்தாள். தனுஜா என்று பெயர் சொன்னாள். கைப்பேசியில் அவன் படத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டி வந்தாள். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, உட்காரச் சொன்னேன். ஐஸ்பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு கிளாஸ் கேட்டாள், அதையும் கொடுத்தேன். "நல்லா இருப்பீங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொல்லையில் அவன் அப்போது உயிரோடுதான் இருந்தான். அவள் குரல் அவனுக்குக் கேட்டிருக்கும், கத்துவதற்குத்தான் அவனிடம் குரல் இல்லை. தலையைச் சுவரில் மோதும் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

கடைசியில் அவனுக்கு வேறு பேச்சே வரவில்லை. நாக்கு வீங்கி வாய்க்கு வெளியே வந்துவிட்டது. அப்போதும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல முயன்றான். நான் ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாகும்போது ஒருவன் தனியாக இருக்கக் கூடாது. அன்றைக்கு ஹாஜரா தனியாகத்தான் இருந்தாள். நாற்றம் வந்து ருக்குமணி உங்களைக் கூப்பிட்டபோது, பூட்டை நானே திறந்துவிட்டேன். உங்கள் ஆட்கள் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

சாக்கிலிருந்த மீட்டரின் நம்பர் எங்கள் வீட்டு நம்பர் இல்லை என்று சொன்னீர்கள். இருக்கலாம். நான் நம்பரைப் பார்க்கவில்லை. எங்களுடையது இல்லையென்றால் வேறு யாருடைய வீட்டிலோ எடுத்தது. அங்கேயும் யாராவது தண்ணீர் கேட்டிருப்பார்கள்.

பிறகு ருக்குமணியின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அன்று காலை நான் குழாய்களைத் திறந்து திறந்து பார்த்ததை அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கவனித்திருக்கிறாள். பிறை டவுனுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் பேக்டரி வேன் அவளுக்காக முனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு கூஜா நிறையக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன்.

"அண்ணே, அக்கா கேக்குறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. மொதல்ல குடிக்க வைங்க, அப்புறம் மத்ததப் பாக்கலாம்" என்று சொல்லி, என்னைத் தாண்டி உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். எல்லாம் அவள் சொன்னபடிதான். ஹாஜரா அதன் பக்கம் இடது கையை நீட்டினாள்.

அந்தக் கூஜா என்ன ஆயிற்று என்றுதானே கேட்டீர்கள்? நான் தண்ணீரை வீணாக்குகிறவன் இல்லை. வாசலுக்கு எடுத்துப் போய் மல்லிகைத் தொட்டிக்கு ஊற்றினேன். ஜன்னல் திறந்திருந்தது, அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூஜாவைத் துணியால் துடைத்து ருக்குமணி வீட்டு வேலியில் மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அடுத்த வீட்டுத் தண்ணீரில் உயிர் வாழும்படி என் மனைவியை நான் ஒருநாளும் வைத்ததில்லை.

பிச்சைமுத்துவைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஹாஜராவைக் கொன்றது அவன். அதையும் எழுதுங்கள்.