நூற்றிருபத்தைந்து வயது நோயாளிகள் நாலாயிரம் பேர்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, ஆன்றோர்களே, விடுமுறை நாளில் பிள்ளைகள் எங்கேதான் போகிறார்கள் என்று பார்த்துவிட வந்திருக்கும் தாய்மார்களே, மடியில் கணினியும் காதில் கருவியுமாக, என்னைக் கேட்பதுபோல் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

இருபத்து மூன்று ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையின் டேட்டாபேஸைக் கட்டியவள் நான், காத்தவள் நான், கண்டித்தவள் நான். டேட்டாபேஸ் என்றால் என்ன என்கிறார் அங்கே ஒரு தாய். எதையும் மறக்காத நாத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

போன ஆண்டு மேலாளர் அழைத்தார். "மேடம், புது சிஸ்டம் வருது. ஆறு மாசத்துல கத்துக்கிட்டா நீங்களே பாருங்க. இல்லேன்னா பழைய ஃபைல் பிரிவுக்கு மாத்திடுறேன்."

அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது? தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில். யாரிடம் கற்பது? மகளைக் கேட்டேன். "அம்மா, நீ சந்தேகம் கேக்கலை, குறுக்கு விசாரணை பண்றே" என்றாள்.

ஆகவே சனிக்கிழமைதோறும் இங்கே, இந்தக் கணினிப் பயிற்சி வட்டத்துக்கு வந்தேன். மாதக்கணக்கில் கைகட்டி, காது கொடுத்து, கதவருகே அமர்ந்திருந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

கடைசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவரவர் தரவைக் கொண்டுவரச் சொன்னார்கள். அனுமதி வாங்கி, பெயர்களை நீக்கி, பிறந்த தேதிகளைக் கொண்டுவந்தேன். பயிற்சி தந்த தங்கை அதைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தார். அது என்ன சொன்னது? "நூற்றிருபத்தைந்து வயதானோர் நாலாயிரம் பேர். அனைவரும் ஜனவரி முதல் நாளில் பிறந்தவர்கள். முதியோர் பிரிவு தொடங்கலாம்."

அரங்கம் அதிர்ந்தது. "அக்கா, அந்த ஆஸ்பத்திரி அட்ரஸ் குடுங்க, எங்க தாத்தாவைச் சேர்க்கணும்" என்றது ஒரு குரல்.

பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒன்று என்று தானே நிரம்பும்படி, ஒரு காலத்தில் யாரோ எழுதிவைத்த வினை அது.

"இவங்களைப் புது சிஸ்டம் என்ன பண்ணும்?" என்று மெல்லக் கேட்டேன்.

"நூத்தி இருபதைத் தாண்டினா இறந்துட்டாங்கன்னு மூடிடும் அக்கா. அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கேன்சல். இதை எழுதின புண்ணியவான் இன்னும் வேலையில இருக்காரா?"

எங்கள் புது சிஸ்டம் தொடங்கவிருந்தது திங்கட்கிழமை. நாலாயிரம் உயிர்கள் ஒரு பக்கம், என் நாற்காலி ஒரு பக்கம். கையைத் தூக்கினேன். "இருக்காம்மா. நான்தான்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகளை இழுத்துப்போட்டுக்கொண்டு ஐந்து பேர் சூழ்ந்தார்கள். 'தெரியாது' என்பதைத் தெரியாது என்றே புது சிஸ்டத்தில் எழுத, மாலைவரை சொல்லிக்கொடுத்தார்கள்.

திங்கள் காலை மேலாளர் முன் நின்றேன். "தப்பு என்னுது சார். சரிபண்ணவும் தெரியும்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலை சார்."

"உங்களைக் கீழே அனுப்பிட்டா, இன்னும் என்னென்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு நான் யாருகிட்ட கேக்கறது? நீங்களே பாருங்க."

நண்பர்களே, கருவி கண்டுபிடிக்கும், கணக்கிடும், கணப்பொழுதில் கவிதையும் எழுதும். 'நான்தான் செய்தேன்' என்று முன்வந்து நிற்குமா? நிற்காது. அந்த வேலை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது, அதை எந்தப் புது சிஸ்டமும் பறிக்க முடியாது.

சரி, இப்படித் தேதி நிரப்பிய மூத்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கூச்சம் வேண்டாம், கை தூக்குங்கள். ஒன்று, ஐந்து, பதினொன்று... ஐயா, தலைவர் அவர்களே, தாங்களுமா?

தூக்கிய கைகளுக்கு நன்றி, தூக்கத் தயங்கும் கைகளுக்கும் வணக்கம்.