பக்கத்து அறையில் ஒரு ஹோம் தியேட்டர்

துக்கம் கேட்க வந்த அன்று, இது எந்த ப்ரொஜெக்டர் என்று என்னிடம் கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் சார். கூடத்தில் பெண்கள் கூட்டமாக இருந்ததால் உங்களை என் ஹோம் தியேட்டர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சாய்வு நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். அதற்குள் யாரோ மாலையோடு வந்துவிட, நான் எழுந்து போய்விட்டேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று உங்களிடம் சொன்ன வேறொரு விஷயத்திலும் ஒரு தவறு இருக்கிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்ததுதான் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கடைக்குப் போனால் வெளிச்சம் அதிகமான ப்ரொஜெக்டரைத்தான் முதலில் காட்டுவார்கள். அதில் மயங்கிவிடக் கூடாது. இருட்டு அறையில் அவ்வளவு வெளிச்சம் கண்ணைக் குத்தும். அறையின் நீளத்தை அளந்துகொண்டு போக வேண்டும், எந்தச் சுவரில் திரை, எங்கே நாற்காலி என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும். அதற்கப்புறம் நிறம். நான் பட்டு வியாபாரி. ஆரணியில் எங்கள் வீட்டில் சேலை எடுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு நிறத்தைக் கடைக்குள் காட்டி விற்க மாட்டேன், வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் பிரித்துக் காட்டுவேன். உங்கள் மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் காட்டினேன்.

வேலூர் கடைக்கு ஒரு அரக்குச் சேலையைப் படம் பிடித்து எடுத்துக்கொண்டு போனேன். சேலையையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ப்ரொஜெக்டரிலும் அந்தப் படத்தைப் போடச் சொல்லி, சேலையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் அரக்கு செங்கல் மாதிரி இருந்தது. ஒன்றில் வெங்காயத் தோல் நிறத்துக்குப் போய்விட்டது. கடைசியில் ஒரு லேசர் ப்ரொஜெக்டரில்தான் அரக்கு அரக்காகவே தெரிந்தது. கடையில் இருந்த கிரண் என்ற பையன், பையன் என்றால் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, என்னைப் போல் ஒருத்தர் வந்து பார்த்ததில்லை என்று சொன்னான். அவனேதான் பிறகு ஆரணிக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். நல்ல வேலைக்காரன். அவனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி கமலத்தை நீங்கள் நடமாட்டத்தில் பார்த்ததில்லை. பக்கவாதம் வருவதற்கு முன்னால் கடைப் பொறுப்பில் பாதி அவளுடையது. எந்த நெசவாளி வீட்டில் என்ன கஷ்டம், எந்தச் சேலையில் எங்கே இழை விட்டிருக்கிறது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் எப்படிக் கூப்பிடுவாளோ, அந்தச் சொல். இந்தா.

தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தா. ஈ உட்கார்ந்தாலும் இந்தா. சில சமயம் ஒன்றுமே வேண்டாம், நான் போய் நின்றால் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். குரல் கம்மிப் போகும்போது இடது கையில் எவர்சில்வர் டம்ளரை எடுத்துச் சுவரில் தட்டுவாள். பகலில் பார்த்துக்கொள்ள சந்தவாசல் ஊரிலிருந்து காத்தாயி என்ற அம்மாள் வந்துபோனாள். காத்தாயி பக்கத்தில் இருந்தாலும் கமலம் என்னைத்தான் கூப்பிடுவாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை சார். அதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், கோபம் இல்லை. சாப்பாட்டில் கை வைத்திருப்பேன், குளித்துக்கொண்டிருப்பேன், வியாபாரியிடம் பேசிக்கொண்டிருப்பேன், இந்தா. யாரும் கூப்பிடாமல் ஒரு படம் பார்க்கிற நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

கமலம் படுத்திருந்த அறைக்குப் பக்கத்து அறையைத்தான் தியேட்டருக்கு எடுத்தேன். அதில் முன்பு சேலைகளை மடித்து அடுக்குவோம். மாடியில் இதைவிடப் பெரிய அறை காலியாக இருக்கிறதே என்று கிரண் கேட்டான். வீட்டுக்காரம்மாவை விட்டு அவ்வளவு தூரம் போக மனசு வரவில்லை என்று சொன்னேன். சுவருக்கெல்லாம் உள்ளே பஞ்சு வைத்து, மேலே துணி அடித்து, கதவுக்கு ரப்பர் வைத்துச் சத்தம் தாண்டாமல் செய்யச் சொன்னேன். படச் சத்தம் அவள் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக. இதைக் கேட்டு என் பெண் சத்யப்ரியா போனில் அழுதாள். தெருவிலும் பேசிக்கொண்டார்கள், ஜெகநாதன் மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்று.

சவுண்டு சிஸ்டத்தில் எத்தனை ஸ்பீக்கர் என்பது பெரிய விஷயம் இல்லை. சப் ஊஃபர்தான் முக்கியம். அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வரும். இந்த அறைக்குச் சின்னது போதும் என்று கிரண் சொன்னான். நான் பெரியதாகவே கேட்டேன். மாட்டி முடித்த பிறகு, வெளியிலிருந்து உள்ளே என்னவெல்லாம் கேட்கும் என்று அவனிடம் விசாரித்தேன்.

"பேச்சு சத்தம், டிவி சத்தம் எதுவும் வராது சார். யார்னா சுவத்துல தட்னா மட்டும் லேசா தெரியும், அது சுவத்தோடவே வர்ற சத்தம், ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். பிறகு, "சப் ஊஃபர் ஓடிகினு இருந்தா அதுவும் தெரியாது" என்றான்.

அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். எதையும் வெயிலில் பிரித்துப் பார்க்காமல் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்து சத்தத்தைப் போடச் சொல்லிவிட்டு, நான் கமலத்தின் அறைக்குப் போனேன். அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அவள் தட்டுகிற இடத்திலேயே நானே தட்டினேன். மெதுவாகத் தட்டினேன், பிறகு பலமாகவும் தட்டினேன். கமலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தாள். அவளுக்காக நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். டம்ளரை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து கிரணிடம் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை என்றான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பெங்களூரிலிருந்து சத்யப்ரியா ஒரு மணி வாங்கி அனுப்பியிருந்தாள். கமலத்தின் இடது கைக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் நான் இருக்கிற இடத்தில் மணி அடிக்கும், மணியை எந்த ப்ளக்கில் வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம். தியேட்டர் அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அது இருந்தது. சப் ஊஃபருக்கும் அதே ப்ளக்தான் எட்டியது. நீளமாக ஒரு ஒயர் இழுத்துத் தருகிறேன் என்று கிரண் சொன்னான். ஒயர் காலில் தடுக்கும், வேண்டாம் என்று சொல்லி மணியைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்தேன். நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த நாற்காலிக்குப் பக்கத்து டிராயர். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காத்தாயி கமலத்தோடு இருப்பாள், நான் படம் பார்ப்பேன். வெளியே வரும்போது, "அம்மா உங்களையே கூப்ட்டுகினு இருந்தாங்க மொதலாளி" என்று சொல்வாள். அதை அவள் குறையாகச் சொன்னதில்லை. நானும் போய்க் கமலத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன். அந்த நாட்களில் அவளிடம் முன்பைவிட அன்பாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அந்த மதியத்துக்கு வருகிறேன். அன்று அமாவாசை. அமாவாசைக்கு அமாவாசை காத்தாயி மதியத்தோடு கிளம்பித் தங்கள் ஊர்க் கோவிலுக்குப் போய்விடுவாள், அவளுக்குப் பதிலாகத் தன் மருமகளை விட்டுப் போவாள். அன்று மருமகள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். காலையிலிருந்தே கமலத்துக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. காத்தாயி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னாள்.

"சளி அடைச்சா தட்டுவாங்க. ஜல்தியா ஒருக்களிச்சுப் படுக்க வச்சுருங்க மொதலாளி."

எனக்கும் அது தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் தட்டி, விரலில் துணியைச் சுற்றி வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கமலத்துக்குத் தலையணையைச் சரி செய்து, டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, தியேட்டருக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பனிமலைகளைப் பற்றிய படம் ஒன்று. அது முடிந்து வெளியே வந்தபோது அவள் போயிருந்தாள். டம்ளர் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், கூப்பிடவில்லையா, தட்டவில்லையா என்று. உங்களுக்குச் சொன்ன அதே பதிலைத்தான் எல்லோருக்கும் சொன்னேன். தெருவெல்லாம் தறி ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே படமும் ஓடியது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் தலையாட்டினீர்கள். "ஆரணியில எந்தத் தெருவுலங்க காது கேக்குது" என்று சொன்னது நினைவிருக்கிறதா? அதே நேரத்தில் கூடத்தில் பெண்கள், அமாவாசையில் போய்ச் சேர்ந்தாள் புண்ணியவதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள் இருக்கிறவனுக்கு அது எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதெல்லாம் தனியாகத் தெரிவதில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாலே தறிச் சத்தம் என்று வந்துவிடுகிறது.

கருமாதி அன்று ஐயர் வருஷத் திதியைச் சொன்னார். ஆவணி அமாவாசை, அந்தத் திதியில்தான் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். சத்யப்ரியா சரி என்று தலையாட்டினாள். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள். தியேட்டர் அறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"அமாவாசைல நம்ம தெருவுல எந்த வீட்டுலப்பா தறி ஓடிகினு இருந்துச்சி?"

ஒரு வீட்டிலும் ஓடாது சார். கைத்தறியும் ஓடாது, விசைத்தறியும் ஓடாது. அமாவாசை எங்கள் ஆட்களுக்கு லீவு நாள், அவளுக்கு அது குழந்தையிலேயே தெரியும். அன்றைக்குத்தான் அவள் தெருவில் பாண்டி ஆடுவாள். கேட்டுவிட்டு அவள் நிற்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போய், சாக்கெட்டில் சப் ஊஃபர் ஒயர் சொருகியிருப்பதைப் பார்த்தாள். டிராயரைத் திறந்தாள், மூடினாள். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாள். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவள் உங்களிடம் வந்து ஏதும் சொல்லியிருக்க மாட்டாள். அதனால்தான் நானே வந்தேன்.

தறி ஓடியது என்று நான் சொன்னது தவறு. அன்று தெரு அமைதியாக இருந்தது, அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அப்படியானால் சப் ஊஃபர் சத்தத்தில்தான் கேட்காமல் போயிருக்கும் என்று நீங்கள் எனக்காக யோசிப்பீர்கள். வருகிற வழியில் நானும் அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதுவும் சரியாக இருக்காது.

படம் ஓடியது. சவுண்டு சிஸ்டத்தை நான் போடவில்லை. திரையில் பனி பெய்துகொண்டிருந்தது, அறையில் ஒரு சத்தமும் இல்லை. சுவரில் டம்ளர் தட்டுவது கேட்டது. முதலில் எப்போதும் போல விட்டு விட்டுத் தட்டினாள். பிறகு வேகமாக. கிரண் சொன்னது சரிதான், லேசாகத்தான் தெரிந்தது, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. அது நின்ற பிறகும் படம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

சத்தத்தை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். முந்தின ராத்திரி கமலம் இருமி இருமிச் சரியாகத் தூங்கவில்லை சார். படச் சத்தத்தில் அவளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று பார்த்தேன்.