தரையில் வைத்த அகல்

குடவாசலில் பஸ் ஏறியதிலிருந்து முன்சீட்டு அம்மா வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார்:

“அகலைத் தரையில வெச்சா அணைஞ்சிடுதுங்க. மாடத்துல வெச்சா நின்னு எரியுது.”

அந்த அம்மாவுடைய சோடா கம்பெனிக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது.

“எந்த இடத்துல?”

“சிலிண்டர் வெச்சிருக்கமே, அந்தப் பழைய நெல் கிடங்குல. படி இறங்கிப் போவமே. அந்த இடத்துக்கு வழக்காடித் தோத்த குத்தகைக்காரர் அங்கயேதான் உயிரை விட்டாராம். அவருக்குன்னுதான் அகல் ஏத்துறேன். அவரே ஊதி அணைக்கிறாருங்கிறாங்க. நான் காத்தா இருக்கும்னு ஜன்னலை அடைச்சு, கதவிடுக்குல சாக்கைத் திணிச்சேன். இப்ப வெச்ச உடனே அணையுது.”

அவர் அந்த அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“சிலிண்டர்ல புஸ்ஸுனு சத்தம் வருதா?”

“லேசா வருது.”

“சோடாவுக்கு அடைக்கிற கார்பன் டை ஆக்சைடு, உள்ள தண்ணியாட்டம் இருக்கும்மா. கசிஞ்சா கேஸாகி தரையோட தேங்கிடும். வாசனையும் தெரியாது. அதுல நெருப்பு எரியாது, மூச்சும் விட முடியாது. உள்ள யாரும் போறதில்லையே?”

“எங்க வீட்டுக்காரர்தான். சாப்பிட்டுட்டு அங்கதான் பாயைப் போட்டுப் படுப்பாரு. குளுகுளுன்னு இருக்காம். ரெண்டு நாளா தலைவலிங்கிறாரு.”

“உடனே போன் போடுங்க.”

போட்டார். ரிங் போவது பின்சீட்டில் எனக்கே கேட்டது. நின்றது. மறுபடி போட்டார்.

“எடுக்க மாட்டாருங்க,” என்றார் அந்த அம்மா. “மதியம் படுத்தா அசந்து தூங்குவாரு.”